கோலாலம்பூரின் ஆற்றோரப் பழைய நகரைச் சைக்கிளில் சுற்றிக் காட்டுவது எப்படி

கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடும் இடத்தைச் சுற்றியே கோலாலம்பூரின் பழைய நகரம் இருக்கிறது. டத்தாரான் மெர்டேக்கா (சுதந்திரச் சதுக்கம்), மஸ்ஜித் ஜாமெக் பள்ளிவாசல், லெபோ அம்பாங் தெரு, ஸ்ரீ மகாமாரியம்மன் கோயில், பாசார் செனிச் சந்தை எல்லாம் ஒன்றுக்கொன்று சில நிமிட மிதி தூரம்தான். முழுச் சுற்றே ஏறக்குறைய 5 கிலோமீட்டர். ஆகவே உங்களைச் சோதிப்பது தூரம் இல்லை. எட்டுச் சைக்கிளையும் எட்டுப் பேரையும் கடைக்காரருக்கும் பாதசாரிக்கும் இடைஞ்சல் இல்லாமல் எங்கே நிறுத்துவது, நீங்கள் பேசுவது கடைசி ஆளுக்கும் எப்படிக் கேட்கும் என்பதுதான் வேலை. முதலில் நிற்கும் இடங்களை முடிவு செய்யுங்கள். அவற்றை இணைக்கும் சாலைகளைப் பிறகு தேடிக்கொள்ளலாம். வரைபடத்தில் அழகாக ஒரு வட்டம் போட்டுவிட்டு அதில் நிற்க இடம் தேடினால், நெரிசலான முனையில் நின்று கத்திக்கொண்டிருக்க வேண்டிவரும்.

ஒரு விஷயத்தை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து வந்த உறவினரையோ சங்கத்துப் பிள்ளைகளையோ அழைத்துப் போவது வேறு, காசு வாங்கிக்கொண்டு சுற்றிக் காட்டுவது வேறு. கட்டணம் வாங்கினால் சுற்றுலா அமைச்சின் உரிமம் பெற்ற வழிகாட்டி வேண்டும். 1992-ஆம் ஆண்டுச் சுற்றுலாத் தொழில் சட்டம் அதைக் கேட்கிறது.

எத்தனை பேர், எந்த நேரம்

விருந்தினர் எட்டுப் பேர், நடத்துபவர் இரண்டு பேர். இதுதான் நல்ல அளவு. ஒருவர் முன்னால் போய் வழிகாட்ட வேண்டும். இன்னொருவர் கடைசியில் வந்து, எந்நேரமும் எல்லாரும் தன் கண்ணுக்கு முன்னால் இருப்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பன்னிரண்டு பேரானால் ஒரே பச்சை விளக்கில் எல்லாரும் சாலையைக் கடக்க முடியாது. கூட்டம் இரண்டாக உடையும், பின்பாதியில் வருகிறவர் பதற்றத்தில் சிவப்பு விளக்கைத் தாண்டுவார். அதற்கு மேல் ஆள் இருந்தால் இரண்டு குழுவாகப் பிரித்து, பதினைந்து நிமிட இடைவெளி விட்டு அனுப்புங்கள்.

கடைசியில் வருபவரைத் தேர்ந்தெடுக்கும்போது நன்றாக மிதிக்கத் தெரிந்த ஆளைவிடப் பொறுமையான ஆளைப் பாருங்கள். பின்தங்கும் அத்தையை அவசரப்படுத்தாமல், "மெதுவா வாங்க அத்தை, நான் பின்னாலயே இருக்கேன்" என்று சொல்லக்கூடியவர் வேண்டும். டியூப் மாற்றவும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இங்கே பொழுது விடிவது காலை ஏழுமணிக்கு முன்பின்தான். 7.15-க்குக் கூடி, 7.30-க்குப் புறப்பட்டு, 10.30-க்குள் முடித்துவிடுங்கள். பத்து மணிக்கு மேல் தார்ச்சாலை சூட்டைத் திருப்பி வீசும், குழந்தைகளும் வயதானவர்களும் தளர்ந்துபோவார்கள். பிற்பகலைத் தொடவே வேண்டாம். இந்த நகரத்தில் இடியோடு கூடிய மழை பெரும்பாலும் மதியத்துக்குப் பிறகு வரும். ஏப்ரலிலும், அக்டோபர் நவம்பரிலும் அது இன்னும் கூடும்.

ஞாயிறு காலைதான் மிகச் சிறந்தது. அலுவலக வாகனங்கள் இருக்காது. சில ஞாயிறுகளில் மாநகர் மன்றம் நடுநகரச் சாலைகளில் கார்களைத் தடுத்து, ஓடுபவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் திறந்துவிடும். அந்த வார அறிவிப்பை முன்கூட்டியே பாருங்கள், ஏனென்றால் அதே நாளில் ஓட்டப்பந்தயம் இருந்தால் உங்கள் வழி அடைபட்டிருக்கும். வெள்ளிக்கிழமை நண்பகலில் மஸ்ஜித் ஜாமெக், மஸ்ஜித் இந்தியா பக்கம் தொழுகைக்கு வருவோர் நிறைந்திருப்பார்கள், அன்று வேண்டாம். தைப்பூசத்தை ஒட்டிய நாட்களும் வேண்டாம். மகாமாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளி ரதம் பத்துமலைக்குப் புறப்படும் காலம் அது. கோயிலைச் சுற்றிய சாலைகள் எல்லாம் பக்தர்களுடையவை.

சைக்கிள்

மெல்லிய டயர் போட்ட பந்தய வகை வேண்டாம். 1.75 முதல் 2 அங்குல அகல டயர், நேரான ஹேண்டல், முன்னால் கூடை இல்லாத சாதாரண நகரச் சைக்கிள் போதும். கூடை ஏன் வேண்டாமென்றால், அதில்தான் எல்லாரும் கைப்பையை வைப்பார்கள். மோட்டார் சைக்கிளில் வந்து பையைப் பறித்துப் போவது இங்கே நடக்கிற குற்றம். பை குறுக்காக உடம்பில் மாட்டியிருக்க வேண்டும், பையின் உடல் இடப்பக்கம், அதாவது நடைபாதைப் பக்கம் இருக்க வேண்டும். கூடை உள்ள சைக்கிள்தான் கிடைத்தது என்றால் அதில் தண்ணீர்ப் போத்தலை மட்டும் வையுங்கள். சேலையோ பாவாடையோ கட்டி வருபவர் இருந்தால் நடுக்கம்பி தாழ்ந்த சைக்கிளை அவருக்கு ஒதுக்குங்கள். செயின் மூடி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

டயர் காற்று 45 முதல் 60 பி.எஸ்.ஐ. டயரின் பக்கவாட்டில் அச்சடித்த எல்லைக்குள், ஆளின் எடைக்கு ஏற்பக் கூட்டியோ குறைத்தோ வையுங்கள். பெருவிரலால் அழுத்தி மதிப்பிட வேண்டாம், அளவுமானியுள்ள பம்பை வைத்துக்கொள்ளுங்கள். காற்றுக் குறைந்த டயர் நடைபாதை விளிம்பில் மோதும்போது, டியூப் அந்த விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவே நசுங்கி, பாம்பு கடித்ததுபோல் இரண்டு கிழிசல் விழும். இந்த வட்டாரத்தில் பஞ்சராவதற்கு முதல் காரணம் ஆணியில்லை, இதுதான்.

பிரேக்கில் ஒரு நுட்பம். எல்லாச் சைக்கிளிலும் முன் பிரேக் ஒரே கையில் இருப்பதில்லை. சில வண்டிகளில் வலக்கை, சிலவற்றில் இடக்கை. விருந்தினர் பழகிய வண்டிக்கு இது மாறாக இருந்தால், அவசரத்தில் முன்சக்கரத்தை மட்டும் இறுக்கிக் குப்புற விழ நேரும். ஒவ்வொருவரையும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஒரு கையை மட்டும் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள், எந்தச் சக்கரம் நிற்கிறது என்று வாயால் சொல்லவும் வையுங்கள். லிவரை இழுக்கும்போது அது ஹேண்டலைத் தொட்டால் அந்த வண்டி வெளியே போகக் கூடாது.

சீட்டின் உயரத்தைப் பார்க்கக் குதிகாலைப் பெடலில் வைத்து, பெடலைக் கீழே கொண்டு போகச் சொல்லுங்கள். முழங்கால் நேராக நீண்டால் உயரம் சரி. பல வருடம் ஓட்டாதவர்களுக்கு மட்டும் இந்த விதியைத் தளர்த்தி, உட்கார்ந்தபடியே இரண்டு பாதமும் தரையில் படும்படி இறக்கிக் கொடுங்கள். மிதிப்பது கொஞ்சம் கடினமாகும், ஆனால் பயம் போய்விடும். ஹெல்மெட் புருவத்துக்கு மேல் இரண்டு விரல் அளவில் உட்கார வேண்டும், தாடைப் பட்டைக்குள் ஒரு விரல் மட்டும் நுழைய வேண்டும். நெற்றி தெரிய அதைப் பின்னால் தள்ளிப் போடும் பழக்கத்தை விடாமல் திருத்துங்கள்.

கடைசியில் வருபவர் பையில் இருக்க வேண்டியவை: அந்தந்தச் சக்கர அளவில் இரண்டு புது டியூப், டயர் நெம்புகோல் மூன்று, கைப்பம்பு, ஆலன் சாவிக்கொத்து, 15 மில்லிமீட்டர் ஸ்பேனர், செயின் இணைப்பு ஒன்று, கேபிள் டை பத்து, ரப்பர் கையுறை, காயத்துக்குப் போடும் மருந்தும் கட்டும். வால்வு இரண்டு வகை உண்டு, கார் டயரில் இருப்பது போன்ற தடித்தது, மெல்லியது. உங்கள் பம்பு எதற்குப் பொருந்தும் என்பதை வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். தண்ணீர் ஆளுக்கு ஒரு மணி நேரத்துக்கு அரை லிட்டர் கணக்கு. அவசர அழைப்பு எண் 999.

சாலையில்

நாம் இடப்பக்கம் போகிறோம். ஒற்றை வரிசை, வண்டிக்கு வண்டி இரண்டு சைக்கிள் நீளம். சாலையின் இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு ஓட்டுவது பாதுகாப்பு என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. ஓரத்தில் வடிகால் கம்பிகள் இருக்கும். அவை சக்கரம் ஓடும் திசையிலேயே நீளமாக இருந்தால் மெல்லிய டயர் உள்ளே இறங்கிவிடும். நிறுத்திய காரின் கதவும் அந்தப் பக்கம்தான் திறக்கும். விளிம்பிலிருந்து ஒரு மீட்டர் உள்ளே தள்ளி, நேர்கோட்டில் ஓட்டச் சொல்லுங்கள். 2018-இல் நடுநகரில் நீலநிறத்தில் சைக்கிள் தடம் போட்டார்கள். சில இடங்களில் அது இன்னும் தெரிகிறது. அதில் கார் நிற்கும், மோட்டார் சைக்கிளும் ஓடும். நீலம் தெரிகிறது என்பதற்காகத் தலையைத் திருப்பாமல் போகக் கூடாது.

பஸ்ஸும் லோரியும் இடது பக்கம் திரும்பும் சந்திப்புதான் மிக ஆபத்தானது. அவற்றின் இடப்பக்கம் நுழையவே கூடாது. ஓட்டுநரின் கண்ணாடியில் உங்கள் முகம் தெரியாவிட்டால் அவருக்கு நீங்கள் அங்கே இல்லை. பின்னால் நில்லுங்கள்.

கட்டளைகளைச் சுருக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்: "குழி!", "கார் வருது!", "நிறுத்து!", "மெதுவா!" போதும். முன்னால் இருப்பவர் சொன்னதை ஒவ்வொருவரும் பின்னால் இருப்பவருக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும். இதைப் புறப்படும் முன்பு வெட்டவெளியில் இரண்டு முறை செய்து பார்க்க வேண்டும். கூட்டம் உடைந்தால் பின்னால் இருப்பவர் விரட்டிக்கொண்டு வரக் கூடாது. முன்னால் இருப்பவர் அடுத்த பாதுகாப்பான ஓரத்தில் காத்திருப்பார் என்பதை எல்லாருக்கும் முன்னமே சொல்லிவிடுங்கள்.

பழைய நகரின் சாலைகளில் பல ஒருவழிச் சாலைகள். சைக்கிளுக்கு விதிவிலக்கு இல்லை. எதிர்த்திசையில் போக வேண்டியிருந்தால் இறங்கி, நடைபாதையில் தள்ளிக்கொண்டு போங்கள். வழியை ஒரு நாள் முன்னதாகத் தனியே ஓட்டிப் பாருங்கள். இங்கே கட்டுமான வேலி ஒரே இரவில் முளைக்கும்.

வழியும் நிறுத்தங்களும்

டத்தாரான் மெர்டேக்காவில் தொடங்குங்கள். மஸ்ஜித் ஜாமெக் எல்.ஆர்.டி. (நகர இரயில்) நிலையத்திலிருந்து நடந்தே வந்துவிடலாம். திறந்த புல்வெளியும் அகலமான ஓரமும் இருப்பதால் பிரேக் சோதனைக்கும் பழகுவதற்கும் ஏற்ற இடம். முதல் நிறுத்தப் பேச்சு இங்கேதான். 1957 ஆகஸ்ட் 30 நள்ளிரவில் யூனியன் ஜாக் இறக்கப்பட்டு மலாயாக் கொடி ஏற்றப்பட்டது இந்தத் திடலில். மறுநாள் காலை சுதந்திரப் பிரகடனம் வாசிக்கப்பட்டது ஸ்டேடியம் மெர்டேக்காவில். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதவரே நல்ல வழிகாட்டி. விருந்தினரில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்.

எதிரே இருக்கும் சுல்தான் அப்துல் சமாட் கட்டடம் 1894-இல் தொடங்கி 1897-இல் முடிந்தது. பொதுப்பணித் துறையின் ஏ.சி. நார்மன் பெயர் முன்னே நிற்கும், ஆனால் அந்தக் குவிமாடங்களும் வளைவுகளும் கொண்ட வடிவத்தில் ஆர்.ஏ.ஜே. பிட்வெல்லின் பங்கு பெரிது. செங்கல் கட்டடம் என்பதைச் சுட்டிக்காட்டுங்கள். 1881-இல் நெருப்பும் வெள்ளமும் அடுத்தடுத்து வந்து, பலகையும் அத்தாப்பு ஓலையும் வேய்ந்த ஊரை அழித்தன. பிறகு செங்கல்லிலும் ஓட்டிலும்தான் கட்ட வேண்டும் என்று பிரிட்டிஷ் ரெசிடென்ட் (பிரிட்டனின் ஆட்சிப் பிரதிநிதி) ஃபிராங்க் ஸ்வெட்டன்ஹாம் வற்புறுத்தினார். செங்கல் சூளைகள் இருந்த தெற்குப் பகுதிதான் இன்று நம்மவர் நிறைந்த பிரிக்ஃபீல்ட்ஸ். இந்த ஒரே இழையைப் பிடித்துக்கொண்டு மற்ற நிறுத்தங்களிலும் பேசலாம். எங்கே செங்கல் தெரிகிறதோ அங்கே கை காட்டினால் போதும்.

அடுத்தது ஆறு. கட்டடத்தின் பின்புறம் ஆற்றோர நடைபாதைக்கு இறங்கினால் எதிரே மஸ்ஜித் ஜாமெக். இங்கே சைக்கிளில் ஏறி ஓட்ட வேண்டாம், பாதை நடப்பவர்களுடையது, தள்ளிக்கொண்டு வாருங்கள். உங்கள் பக்கம் ஓடுவது கோம்பாக். பள்ளிவாசலுக்கு அந்தப் பக்கம் வருவது கிள்ளான். இரண்டும் பள்ளிவாசலின் முனையில் கலந்து, கீழே கிள்ளான் என்ற ஒரே பெயரில் போகின்றன. விருந்தினர் முகம் நீரைப் பார்க்க, வெயில் உங்கள் முகத்தில் படும்படி நீங்கள் நில்லுங்கள். அவர்கள் கண் கூசினால் பேச்சு காதில் ஏறாது.

1857-இல் கிள்ளான் தலைவர் ராஜா அப்துல்லா அனுப்பிய வெள்ளீயச் சுரங்கத் தொழிலாளர் 87 பேர் படகில் வந்து இறங்கியதும், அங்கிருந்து அம்பாங்குக்கு நடந்ததும் இந்தக் கூடலில்தான். சுரங்கக் காய்ச்சலில் அவர்களில் பெரும்பாலோர் மாண்டார்கள். அதைச் சொல்லாமல் நகரத்தின் பிறப்பைச் சொல்ல முடியாது. பள்ளிவாசலைக் கட்டியவர் ஆர்தர் பெனிசன் ஹப்பக், திறக்கப்பட்டது 1909-இல். 1965-இல் மஸ்ஜித் நெகாரா எழும்வரை நகரின் முதன்மைப் பள்ளிவாசல் இதுவே. பழைய இரயில் நிலையமும் (1910) ஹப்பக்கின் கைவண்ணம். ஆனால் அங்கே போகும் சாலை அகலமானது, வேகமானது. பழகாதவர்களோடு சைக்கிளில் போக வேண்டாம். பாசார் செனி நிலையத்திலிருந்து ஆற்றைக் கடக்கும் நடைபாலத்தில் நடந்துபோனால் அதை நன்றாகப் பார்க்கலாம்.

மழை பெய்த மறுநாள் என்றால் ஆற்றங்கரைக் கீழ்ப்பாதையில் சேறும் பாசியும் இருக்கும். மேல்மட்டத்திலேயே நின்று பேசிவிட்டுப் போங்கள். மேல்நிலத்தில் மழை பெய்து கொண்டிருந்தால் இங்கே வானம் வெளுத்திருந்தாலும் நீர் சட்டென்று ஏறும்.

பாலத்தைக் கடந்து மேடான் பாசார். இப்போது அகலமான, நடக்க ஏற்ற சதுக்கம். நடுவில் 1937-இல் எழுந்த கடிகாரத் தூண். சீனர் தலைவரான காப்பித்தான் யாப் ஆ லோயின் பழைய சந்தை இருந்த இடம். இதில் இரண்டு நிமிடம் போதும். சதுக்கத்தை ஒட்டி வடக்கே போகும் லெபோ அம்பாங்கில்தான் நம் ஆட்களுக்கு வேர் இருக்கிறது. நகரத்தாரின் வட்டிக்கடைகள் இருந்த தெரு இது. கிட்டங்கி என்று சொல்லும் நீண்ட கூடத்தில் ஒவ்வொரு மார்காவுக்கும், அதாவது ஒவ்வொரு தொழில் நிறுவனத்துக்கும், தரையில் ஒரு சாய்வு மேசை, ஒரு பெட்டி. அதைச் சொன்னால் ஊரிலிருந்து வந்த பெரியவர்கள் தங்கள் குடும்பக் கதையை எடுத்துவிடுவார்கள். இங்கே நேரம் போனாலும் போகட்டும். ஜாலான் துன் பேராக் சாலையைக் கடக்கும் இடத்தில் மட்டும் இறங்கி, நடப்பவர்களுக்கான விளக்கில் தள்ளிக்கொண்டு கடக்க வேண்டும். எல்.ஆர்.டி. தூண்கள் பார்வையை மறைக்கும்.

பசியாற இதுவே நேரம். லெபோ அம்பாங் பக்கத்திலோ ஜாலான் மஸ்ஜித் இந்தியா பக்கத்திலோ தோசை, இடியப்பம், தே தாரிக் கிடைக்கும். நேரம் இருந்தால் 1863-இல் பலகையில் எழுந்து, பின்னர் கல்லில் கட்டப்பட்ட மஸ்ஜித் இந்தியாவையும் தெருவிலிருந்து காட்டுங்கள். சைக்கிள்களைக் கடைகளின் முன்னால் உள்ள ஐந்தடி நடைபாதையில் வரிசையாகச் சாத்தாதீர்கள். அது கடைக்காரரின் வாசல். சுவர் ஓரத்தில் இரண்டிரண்டாகச் சேர்த்து, ஒரே பூட்டில் முன்சக்கரங்களைக் கோர்த்துவிட்டு, ஒருவர் கண் வைத்திருக்கும்படி உட்காருங்கள். நிறைய சாப்பிட விடாதீர்கள். எண்ணெயில் ஊறிய ரொட்டி சானாய் இரண்டு தின்ற பிறகு வெயிலில் மிதிப்பது கடினம்.

பிறகு ஜாலான் துன் எச்.எஸ். லீ வழியாகத் தெற்கே. 1864-இல் யாப் ஆ லோய் நிறுவிய சின் சே சீ யா சீனக் கோயில் கடைகளுக்கு நடுவே கோணலாக ஒளிந்திருக்கும். அதன் வாசல் குறுகியது, உள்ளே நான்கு நான்கு பேராக அனுப்புங்கள். சற்றுத் தள்ளி ஸ்ரீ மகாமாரியம்மன் கோயில். 1873-இல் கே. தம்புசாமிப் பிள்ளை தொடங்கியது, முதலில் குடும்பக் கோயிலாக இருந்தது. இப்போதுள்ள ஐந்து நிலைக் கோபுரம் 22.9 மீட்டர். கோபுரத்துக்கு நேர் எதிரே சைக்கிளை நிறுத்தாதீர்கள். அர்ச்சனைத் தட்டோடு வருபவர்கள் அங்கேதான் இறங்குவார்கள். செருப்பு வைக்கும் இடம் வாசலோரம் இருக்கிறது. முழங்கால் மறையாத உடையில் வருபவருக்காக வேட்டியோ துண்டோ இரண்டு பையில் வைத்திருங்கள். வெள்ளைக்காரர் கூட்டத்துக்கு உள்ளே நின்று விளக்கம் சொல்வதைவிட வெளியே கோபுரத்தைக் காட்டிச் சொல்லிவிட்டு, உள்ளே அமைதியாகப் பார்க்க விடுவது நல்லது. அது கும்பிட வந்தவர்களின் இடம்.

பெட்டாலிங் தெருச் சந்தை காலையில் திறந்திருக்காது, அதனால்தான் காலை வழி நமக்குச் சுகம். ஒன்பது மணிக்குள் போனால் கூரையடியில் தள்ளிக்கொண்டு போக இடம் இருக்கும். கடைகள் விரிந்த பிறகு அந்த நெரிசலில் சைக்கிளோடு நுழையவே கூடாது. அங்கிருந்து நிமிர்ந்தால் 678.9 மீட்டர் உயரத்தில் மெர்டேக்கா 118 கட்டடம் தெரியும்.

கடைசியாகப் பாசார் செனி. 1888-இல் மீன், காய்கறிச் சந்தையாகத் தொடங்கியது. இன்றைய வெளிர்நீலக் கட்டடம் 1937-இல் எழுந்தது. 1980-களில் இடிபட இருந்து தப்பியது. கழிவறை இங்கே இருக்கிறது, எல்லாருக்கும் அது முன்னமே தெரிந்திருக்கட்டும். இங்கிருந்து ஆற்றோரமாகவே டத்தாரானுக்குத் திரும்பிவிடலாம். மஸ்ஜித் ஜாமெக்கின் உள்ளே போக விரும்பினால் கடைசியில் வையுங்கள். பார்வையாளர் நேரம் தொழுகை நேரங்களுக்கு நடுவே மட்டும் இருக்கும். முதல் நாளே உறுதிசெய்துகொள்ளுங்கள். உடல் மறைக்கும் அங்கி வாசலில் கொடுப்பார்கள்.

ஒவ்வோர் இடத்திலும் ஐந்து நிமிடத்துக்கு மேல் பேசாதீர்கள், லெபோ அம்பாங் தவிர. நின்றுகொண்டே கேட்பது மிதிப்பதைவிடச் சோர்வு.

பஞ்சரும் மழையும்

பஞ்சரானால் முழுக் கூட்டமும் நிற்க வேண்டாம். முன்னால் இருப்பவர் மற்றவர்களை அடுத்த நிறுத்தத்துக்கு அழைத்துப் போகட்டும், கடைசியில் வருபவர் அங்கேயே மாற்றட்டும். பின்சக்கரம் என்றால் செயினை முதலில் மிகச் சிறிய பல்சக்கரத்துக்கு மாற்றிவிட்டுக் கழற்றுங்கள். வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் நெம்புகோலைப் போடுங்கள். டியூப்பை எடுத்ததும் டயரின் உட்புறத்தைக் கையுறையோடு தடவிப் பாருங்கள். கண்ணாடித் துண்டோ கம்பியோ இன்னும் குத்திக்கொண்டிருந்தால் புது டியூப்பும் பத்து நிமிடத்தில் போய்விடும். புது டியூப்பில் வடிவம் வரும் அளவுக்கு மட்டும் காற்று விட்டு உள்ளே வையுங்கள். கடைசி விளிம்பைக் கையால் ஏற்றுங்கள், நெம்புகோல் டியூப்பைக் கிள்ளும். சுற்றிலும் டயரை அமுக்கி டியூப் எங்கும் எட்டிப்பார்க்கவில்லை என்று தெரிந்த பிறகே முழுக் காற்று. ஓட்டை அடைப்பதை வீட்டுக்குப் போய்ச் செய்யுங்கள்.

மழை தூறினால் முதல் சில நிமிடங்கள்தான் ஆபத்து. சாலை எண்ணெயும் தூசும் மிதந்து வழுக்கும். வெள்ளைக் கோடு, இரும்பு மூடி, நீலத் தடம் மூன்றின் மீதும் பிரேக் போடவோ திரும்பவோ கூடாது, நேராகப் போய்விட வேண்டும். ரிம் பிரேக் ஈரத்தில் உடனே பிடிக்காது. முதலில் மெதுவாகத் தொட்டு நீரைத் துடைத்துவிட்டுப் பிறகு அழுத்த வேண்டும். இடிச்சத்தம் கேட்டால் வழியைத் தொடர்வதா என்று யோசிக்காதீர்கள், பாசார் செனிக்குள்ளோ எல்.ஆர்.டி. நிலையத்துக்குள்ளோ எல்லாரையும் சேர்த்துவிடுங்கள். ஆற்றோரமும் ஜாலான் துன் பேராக்கும் பலத்த மழையில் நீர் தேங்கும் இடங்கள். தேங்கிய நீரில் குழியும் திறந்த வடிகாலும் தெரியாது, ஆழம் முழங்காலுக்குக் கீழ் என்று தோன்றினாலும் அதில் இறங்கி மிதிக்கக் கூடாது.

நனைந்த சைக்கிளைத் திருப்பிக் கொடுக்கும் முன் செயினைத் துணியால் துடைத்து, இணைப்புக்கு ஒரு துளி எண்ணெய் விடுங்கள். ஈரத்தோடு நிறுத்திவைத்தால் இந்த ஊர்க் காற்றில் துரு சீக்கிரம் பிடிக்கும்.